திறக்காத பை

ஜூன் 9, வெள்ளி

இன்று நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கென்று வைத்தால் கோபம் ஆறிவிடும். ஆறக் கூடாது.

மாலையில் உலகம்மாளை அழைத்துக்கொண்டு பூரணி ஸ்டோருக்குப் போனேன். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. தென்காசி முழுக்கச் சாரல். துவரம்பருப்பு, ரசப்பொடி, எனக்குச் சவர பிளேடு, இவ்வளவுதான் வாங்கியது. நான் பில் போடும் இடத்தில் நின்றேன். உலகம்மாள் வழக்கம்போல் உள்ளே சுற்றிவிட்டு, தோளில் பையோடு வந்து சேர்ந்தாள். வாசலில் நீலக் கோட்டு மாட்டிய காவல்காரப் பெண் ஒருத்தி எங்களை மறித்தாள்.

"அம்மா, அந்தப் பைய ஒரு நிமிசம் தாங்களேன். இப்படி ஓரமா வாங்க."

"எதுக்கு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல ஐயா, சும்மா பாத்துட்டுத் தந்திருதேன்."

சும்மா! சும்மா பார்ப்பதற்கு என் மனைவியின் பை என்ன பொருட்காட்சியா? நான் சத்தம் போட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. எங்கள் எதிர்வீட்டுச் சைலப்பன் கையில் முட்டை அட்டையோடு ஓடி வந்து, "அண்ணாச்சி, விடுங்க" என்றார். யார் விடுவது? ஒருவர் பையைச் சோதனை போடப் போலீசுக்கே விதிமுறை உண்டு. கூலிக்குக் கோட்டுப் போட்டவளுக்கு எந்தச் சட்டம் அதிகாரம் தந்தது என்று கேட்டேன். அவள் உலகம்மாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பையைத் திறக்காமலே வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம்.

வழியெல்லாம் உலகம்மாள் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். பாவம், அவமானத்தில் உறைந்துவிட்டாள்.

ஜூன் 10, சனி

காபியில் உப்பு. சொன்னால் சிரிக்கிறாள். நேற்றைய அதிர்ச்சி இன்னும் போகவில்லை.

புகார் மனு எழுதி முடித்தேன். எழுத எழுத மனு நன்றாக வந்தது. ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு உற்சாகமாக எதையும் எழுதியதில்லை.

ஜூன் 12, திங்கள்

பூரணி ஸ்டோர் முதலாளி ஞானதிரவியத்தைப் பார்த்தேன். மரியாதை தெரிந்த மனிதர். எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

"அண்ணாச்சி, நான் என்ன செய்ய, சொல்லுங்க. அரிசி மூடையவா தூக்கிட்டுப் போறாங்க? கிளிப்பு, பவுடர் டப்பா, சோப்பு, புள்ளைங்க வைக்கிற பொட்டு. கைக்கு அடங்குற சாமானெல்லாம் பறக்குது. கேமரா வச்சாச்சு, ஆளும் வச்சாச்சு. பையப் பாக்காம எப்படிக் கண்டுபிடிக்க?"

"கண்டுபிடிக்கிறது உம்ம பாடு. அதுக்காக வர்றவன் போறவனெல்லாம் கள்ளனா? நூறு பேர் பையைத் திறந்து ஒரு கள்ளனைப் பிடிச்சா, மீதித் தொண்ணூத்தொன்பது பேருக்கு நீர் என்ன பதில் வச்சிருக்கீர்?"

இந்த வாதத்துக்கு யாரிடமும் பதில் இருக்க முடியாது.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். பெயர் முப்பிடாதி. முப்பது வயதுகூட இராது. "மாடியில கேமரா பாக்குற அண்ணன் போன்ல சொன்னாரு. கேட்டேன்" என்றாள். "எதைப் பார்த்துச் சொன்னார்?" என்று ஞானதிரவியம் கேட்டதற்கு என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியாது முதலாளி. பையக் கேளுன்னாரு, அவ்வளவுதான்" என்றாள்.

கேமராக்காரனையும் கூப்பிடச் சொல்லியிருக்கலாம். அதற்குள் எனக்கு நேரமாகிவிட்டது. உலகம்மாள் வீட்டில் தனியாக இருந்தாள். நடவடிக்கை எடுக்காவிட்டால் கலெக்டர் வரைக்கும் போவேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

ஜூன் 15, வியாழன்

நகர் நலச் சங்கக் கூட்டம். கடைகளில் பை சோதனை என்பதுதான் பேச்சு, பேசியது நான். கைதட்டல் நிற்க நேரமானது.

அதன் பிறகு ஆளாளுக்கு வாயைத் திறந்தார்கள். ஒரு கடையில் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தியின் பையை மேசையில் கவிழ்த்து, மாதவிலக்குத் துணியெல்லாம் ஆண்கள் முன்னால் சிதறியதாம். அவள் இப்போது அந்தத் தெருவழியாகவே போவதில்லையாம். குழாய் வேலை பார்க்கும் ஆறுமுகமும் வந்திருந்தான். கடைசியில் எழுந்து, "அண்ணாச்சி, எங்க பைய தெனமும்தான் தொறக்காங்க. அழுக்குச் சட்டையப் பாத்தா உடனே தொறக்காங்க. அப்பல்லாம் இப்படிக் கூட்டம் போடலியே" என்றான்.

கூட்டத்தில் எதைக் கேட்பது என்று சிலருக்குத் தெரிவதில்லை. அது வேறு விஷயம் என்று சொல்லி உட்கார வைத்தேன்.

ஜூன் 18, ஞாயிறு

மின்வாரிய அட்டையைத் தேடி உலகம்மாளின் பீரோவைத் திறந்தேன். பட்டுச் சேலைகளுக்கு அடியில் ஒரு தலையணை உறை. உள்ளே குழந்தைகள் மாட்டும் தலை கிளிப்புகள், நகப்பூச்சு, குழந்தை சோப்பு, சாவி வளையம், பொட்டு அட்டைகள். அட்டை பிரிக்காதவை. எல்லாவற்றிலும் பூரணி ஸ்டோர் சீட்டு ஒட்டியிருந்தது.

எங்களுக்குப் பேத்தி கிடையாது. பேரன் ஒருவன்; கல்லூரியில் படிக்கிறான்.

யாருக்காவது பரிசு தர வாங்கியிருப்பாள். பில் எங்காவது இருக்கும். தேடவில்லை.

மின்வாரிய அட்டை தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது.

ஜூன் 20, செவ்வாய்

பத்திரிகையில் உள்ளூர்ப் பக்கத்தில் செய்தி வந்துவிட்டது. "கடைகளில் பை சோதனை: ஓய்வு பெற்ற துணை வட்டாட்சியர் குற்றாலிங்கம் கண்டனம்." படம் போடவில்லை. நிறையப் பேர் போன் செய்தார்கள்.

மகள் காந்திமதியும் கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்பா, அம்மா போன்ல ஒரே பேச்சத் திருப்பித் திருப்பிப் பேசுறா. முந்தாநாள் என்கிட்ட கெட்ட வார்த்தை சொல்லிட்டுச் சிரிக்கிறா. நம்ம அம்மாவாப்பா இது? பாளையங்கோட்டையில ஒரு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

வயதானால் பேச்சு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பிள்ளைகள் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு யோசனை சொல்வார்கள்.

ஜூன் 24, சனி

ஞானதிரவியம் வீட்டுக்கு வந்தார். ஆப்பிள், மாதுளை, ஒரு பெட்டி அல்வா. கார் சாவியை டீப்பாயின் மேல் வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

"அண்ணாச்சி, முடிச்சிட்டேன். கேமரா பாக்குற பயலும் சந்தேகத்துலதான் சொன்னேன்னுட்டான். அந்தப் பிள்ளைய நேத்தோட நிப்பாட்டியாச்சு. இனி நம்ம கடையில யார் பையும் தொறக்கப்பட மாட்டாது. போர்டே வைக்கப் போறேன். நீங்க கலெக்டர் ஆபீசுக்கெல்லாம் போக வேண்டாம்."

மனசு நிறைந்தது என்றுதான் எழுத வேண்டும். அந்த நேரத்தில் நிறைந்துதான் இருந்தது.

உலகம்மாள் காபி கொண்டுவந்து வைத்தாள். "தாய், மன்னிச்சிக்கிடணும்" என்று அவளையும் கும்பிட்டார். அவள் சிரித்தாள். குனிந்து டீப்பாயிலிருந்த சாவியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு சின்னத் தயக்கமும் இல்லை. காலித் தம்ளரை எடுத்துப் போவதுபோல் எடுத்துப் போனாள். அவர் அப்போது ஆப்பிளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன்.

கிளம்பும்போது சாவியைத் தேடினார். சோபா மெத்தையைத் தூக்கினார், சட்டைப் பையைத் துழாவினார். நானும் அவரோடு சேர்ந்து தேடினேன். பிறகு தண்ணீர் கொண்டு வருவதாகச் சொல்லி அடுக்களைக்குப் போனேன். கேட்டால் தரவில்லை. "இது என்னோடது. நான் தரமாட்டேன்" என்றாள் பச்சைப் பிள்ளை மாதிரி. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. என் மணிக்கட்டில் கடித்துவிட்டாள்.

"செருப்புப் பக்கத்துல விழுந்து கெடந்துச்சு" என்று சொல்லிக் கொடுத்தேன்.

"வயசாகுதுல்லா அண்ணாச்சி, மறதி" என்று ஞானதிரவியம் தலையில் தட்டிக்கொண்டார்.

வாசல் வரை போய் வழியனுப்பினேன். காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கி, "வேற ஏதும் உண்டா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

ஒன்றுமில்லை என்றேன்.

ஜூலை 1, சனி

பாளையங்கோட்டை. நரம்பு மருத்துவர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகப் பேசினார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். மூளையின் முன்பக்கம் சுருங்கிக்கொண்டு வருகிறதாம். இந்த வகை நோயில் மறதி பிறகுதான் வருமாம். முதலில் போவது எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்கிற கூச்சம்.

"கடைகண்ணிக்குப் போன இடத்துல எதையாவது எடுத்துட்டு வந்திருக்காங்களா சார்? இந்த நோய்ல அது உண்டு. அவங்க திருடுறதில்ல. எடுக்கணும்னு தோணும், கை போயிரும். நீங்க வெக்கப்படாம சொல்லலாம்."

"அப்படி ஒன்றும் இல்லை" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. "எடுத்தா கடைக்காரங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க. சீட்டு வேணும்னா நான் எழுதித் தாரேன்" என்றார். வேண்டாம் என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் உலகம்மாள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். கல்யாணமான புதிதில் சங்கரன்கோவில் ஆடித் தபசுக்குப் போய்வந்தபோது இப்படித் தூங்கினாள். அதன் பிறகு இன்றுதான்.

ஜூலை 4, செவ்வாய்

அவளை இனி வெளியே அழைத்துப் போவதில்லை. சாமான் வாங்க நான் மட்டும் போகிறேன். பீரோ சாவி என்னிடம்.

ஜூலை 8, சனி

முப்பிடாதி வந்தாள். கோட்டு இல்லாமல் முதலில் அடையாளம் தெரியவில்லை. உட்காரச் சொன்னேன், நின்றாள். உலகம்மாள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா சொகமா இருக்காவளா?" என்று கேட்டாள்.

"இருக்கா. என்ன விஷயம்?"

"ஐயா, எனக்கு எங்கயும் வேலை தரமாட்டேங்காங்க. துணிக்கடையில கேட்டேன், நகைக்கடையில கேட்டேன். பூரணி ஸ்டோர்ல ஏன் நிப்பாட்டுனாங்கன்னு கேக்காங்க. கடையில சாமான் காணாமப் போச்சு, வாசல்ல நின்ன பொம்பளைய நிப்பாட்டிட்டாங்கன்னா ஊரு என்ன பேசும்? நாந்தான் எடுத்தேன்னு பேசுதாங்க. எம் மாமியா, வீட்டுல நான் சோறு வச்சா பானையத் தொறந்து பாக்கா."

உள்ளறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தேன்.

"அம்மா எடுக்கிறத நான் சித்திரை மாசத்துலருந்தே பாக்கேன் ஐயா. அவங்க நெனவுல எடுக்கலன்னு கண்ணப் பாத்தாலே தெரியும். வாசல்ல வந்ததும், 'வாங்கம்மா, பை கனக்குதா, நான் பிடிக்கேன்'னு வாங்கி, எடுத்ததத் திருப்பி வச்சிருவேன். சில நாள் எனக்குத் தெரியாமலும் போயிருக்கும். ஒருத்தர்ட்டயும் மூச்சு விட்டதில்ல. அன்னைக்கு மாடியில அந்த அண்ணன் பாத்துட்டாரு. கீழ எறங்கி வாரேன், பிடிச்சு வையின்னாரு. அவரு வாரதுக்குள்ள ஓரமாக் கூட்டிட்டுப் போயி எடுத்துரலாம்னுதான் கேட்டேன். நீங்க சத்தம் போட்டுட்டீய."

"இதெல்லாம் நீ ஏன் முதலாளிகிட்ட சொல்லல?"

"சொன்னா அம்மாவ ஊரு கள்ளிம்பாங்களே ஐயா."

சொல்லிவிட்டு அவள் சுவரைப் பார்த்தாள். எனக்கும் வேறு பக்கம் பார்க்க வேண்டியிருந்தது.

"நீங்க அம்மா விசயத்த ஒண்ணும் சொல்ல வேண்டாம். இந்தப் பிள்ள மரியாதையாத்தான் கேட்டுச்சு, நாந்தான் கோவத்துல பேசிட்டேன்னு முதலாளிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க சொல்லுக்கு அங்க மதிப்பு உண்டு."

பார்க்கிறேன் என்றேன். அலுவலகத்தில் இருந்த காலத்தில் இந்தச் சொல்லை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று மனு கொண்டு வருகிறவர்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஜூலை 10, திங்கள்

பூரணி ஸ்டோருக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாசலில் புதிய போர்டு: "எங்கள் வாடிக்கையாளர்களை நாங்கள் நம்புகிறோம். பைகள் சோதிக்கப்பட மாட்டா." கண்ணாடிக் கதவில் பத்திரிகைச் செய்தியையும் ஒட்டியிருந்தார்கள்.

ஞானதிரவியம் கையைப் பிடித்து அறைக்குள் அழைத்துப் போனார். டீ வந்தது.

"அந்தப் பிள்ளை விஷயமா..." என்று தொடங்கினேன்.

"அதைத்தான் நானே சொல்ல இருந்தேன் அண்ணாச்சி! நீங்க சண்டை போட்டது சாமி போட்ட மாதிரி. அவ போனதுலருந்து கிளிப்பு, பொட்டு, பவுடர் ஒண்ணு குறையல. ஒண்ணு! இத்தன நாளும் வாசல்ல நின்னுக்கிட்டு அவளேதான் கொண்டு போயிருக்கா. போறவங்க பையத் தொறந்து பாத்தவ பையத் தொறக்க எனக்குப் புத்தி போகல பாத்தீயளா? போலீசுக்குப் போகலாம்னு பாத்தேன். பொம்பளப் பிள்ளைன்னு விட்டுட்டேன்."

டீயில் சீனி கூடுதல். குடித்து முடித்தேன்.

"நீங்க என்னமோ சொல்ல வந்தீய?"

"நல்ல வேளை போலீசுக்குப் போகல. அதைத்தான் சொல்ல வந்தேன்."

இதைச் சொன்னதால் அவளுக்கு ஒரு வழியில் உதவிதான் செய்திருக்கிறேன். போலீஸ் என்றால் பெரிய தொந்தரவு.

ஜூலை 16, ஞாயிறு

சங்கத்தில் எனக்குப் பொன்னாடை. மழை. கூட்டம் குறைவு. ஆறுமுகம் வரவில்லை.

ஜூலை 27, வியாழன்

சைலப்பன் வீட்டில் மகனுக்கு வேலை கிடைத்த சந்தோஷம். வடை கொண்டுவந்தார். கூடவே செய்தியும்.

"அண்ணாச்சி, அந்தக் கள்ளச் சிறுக்கி ஊர விட்டே போயிட்டாளாம். திருப்பூருக்கு. மாமியாக்காரி பிள்ளைய ரெண்டையும் தரமாட்டேன்னு வச்சிக்கிட்டாளாம். கள்ளி வளத்தா பிள்ளையும் கள்ளனாயிரும்னு தெருவுல நின்னு கத்தியிருக்கா."

அவளுக்குப் பிள்ளைகள் இருப்பது எனக்குத் தெரியாது. அன்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் ஆள் தேவை எப்போதும் உண்டு. சம்பளமும் இங்கே கிடைப்பதைவிடக் கூடுதல்.

வடை நன்றாக இருந்தது. உலகம்மாள் எல்லாவற்றையும் தின்றுவிட்டு இன்னும் கேட்டாள்.

செப்டம்பர் 11, திங்கள்

உலகம்மாள் நான் குளிக்கும்போது கதவைத் திறந்துகொண்டு சைலப்பன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவர் மனைவியின் வெள்ளிக் குங்குமச் சிமிழ் காணவில்லை. சைலப்பன் தயங்கித் தயங்கி வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி தப்பா எடுக்கப்படாது. மதினி கையில ஒரு பை இருந்துச்சாம். அத ஒரு தடவ..."

நான் பையைக் கொண்டுவந்து அவர் முன்னாலேயே கவிழ்த்தேன். சிமிழ் விழுந்தது. ஒரு கரண்டி, யாருடையதோ ஒற்றை வளையல், எங்கள் வீட்டுச் சாமி விளக்கின் திரி.

சைலப்பன் சிமிழை எடுத்துக்கொண்டார். அவர் பூரணி ஸ்டோரில் முட்டை அட்டையோடு நின்றதை நினைத்திருப்பார். நினைக்காமல் இருக்க முடியாது. எனக்கு என்னமோ, அவர் கேட்டுவிட்டால் சொல்லிவிடலாம் என்றிருந்தது. அவர் கேட்கவில்லை. "உடம்பு சரியில்லாதவங்க. நான் ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி" என்று என் தோளைத் தொட்டார்.

உலகம்மாளுக்கு இந்தச் சலுகை கிடைத்தது. நல்ல அயல்வீடு.

இன்று மாலையே கதவுக்கு உள்பூட்டுப் போட்டேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

காந்திமதி வந்து நான்கைந்து நாள் இருந்துவிட்டுப் போனாள். பீரோவில் அந்தத் தலையணை உறையைப் பார்த்துவிட்டாள்.

"அந்தக் கடைச் சண்டை அப்பவே உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியாது."

"அப்புறம் தெரிஞ்சப்ப?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனேன். பால் பொங்கத்தான் செய்தது. ஊருக்குக் கிளம்பும்போது அம்மாவை முத்தமிட்டாள். என்னிடம் "மாத்திரைய மறக்காம குடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

நவம்பர் 19, ஞாயிறு

மருத்துவர் சொன்னதைவிட வேகமாகப் போகிறது. வெளிக்காற்று வேண்டுமென்பதால் மாலையில் மாடவீதிவரை கைப்பிடித்து நடத்திக் கூட்டி வருகிறேன். பை இல்லாமல் வரமாட்டாள். வழியில் பூக்கடை, பழவண்டி, யாராவது தின்பண்டம் வைத்துவிட்டுத் திரும்பும் நேரம், எங்கே கை போகும் என்று சொல்ல முடியாது. எனவே வீட்டுக்குள் நுழைவதற்கு முன் வாசலிலேயே பையைத் திறந்து பார்த்துவிடுகிறேன். சேலை முந்தி, இடுப்பு, உள்ளங்கை. பிறகு உள்ளதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். வேறு வழியில்லை. இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று நான் யோசிப்பதில்லை.

இன்று பையைக் கேட்டேன். தரவில்லை. இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். சுவரில் முதுகு முட்டியதும் நின்றாள். என்னை இதுவரை பார்த்ததே இல்லை என்பதுபோல் பார்த்தாள்.

"உலகு, பையைத் தா" என்றேன்.

"நான் ஒண்ணும் எடுக்கல சார்."

"சரி. காட்டு, பார்த்துட்டுத் தாரேன்."

"எங்க வீட்டுக்காரர் தாசில்தார் ஆபீஸ்ல இருக்காவ. இப்ப வந்திருவாவ. நீங்க எம் பையத் தொட்டா உங்க வேலை போயிரும்" என்றாள். தெருவின் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், வரவேண்டியவர் இன்னும் வரவில்லையே என்று.

நானும் வாசலிலேயே நின்றேன். இருட்டும்வரை அவள் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.